‘துரோகி’ என்று எழுதியவரும் எழுதப்பட்டவரும் ஒரே திருவிருந்தில்

உப்புவெளி வாசகன் (கேள்வி):
திருகோணமலையில் எங்கள் திருச்சபை வாலிபர் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில், 2025 மே 6ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலுக்கு முந்திய வாரங்களில் மூண்ட தகராறு இன்னும் ஆறவில்லை. ஒரு கட்சிக்காக வீடு வீடாகச் சென்ற தம்பி ஒருவர், வேறொரு கட்சிக்கு வாக்குக் கேட்ட அண்ணரைத் ‘துரோகி’ என்று எழுதினார். இருவரும் திருவிருந்துக்கு வருகிறார்கள். ஒருவர் முழங்காலிட்டால் மற்றவர் அடுத்த வரிசைக்காகக் காத்து நிற்கிறார். தம்பியிடம் கேட்டபோது, “ஏரோதை நரி என்றும் பரிசேயரை விரியன் பாம்புக்குட்டிகள் என்றும் இயேசுவே சொல்லவில்லையா?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. எதிர்க்கட்சிக்காரரிடம் மரியாதை காட்டுவது வேதம் கேட்பதா, அல்லது சண்டைக்கு அஞ்சும் எங்கள் சுபாவமா?

பாலையூற்று ஆசிரியர்:
இயேசு அந்தச் சொற்களை யாரை நோக்கிச் சொன்னார் என்று பாருங்கள். ஒருவன் அவரைக் கொல்லத் தேடிய அரசன். மற்றவர்கள் மக்கள் மேல் சுமை ஏற்றிய அதிகாரிகள், அவர்களுக்கும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். பக்கத்து வாங்கில் இருப்பவரை அப்படி அழைக்க இது அனுமதிச்சீட்டு ஆகாது. சகோதரனை ‘மூடனே’ என்பவனைப் பற்றி மத்தேயு 5:22 சொல்வதையும் தம்பி வாசிக்கட்டும். உங்கள் விடயத்துக்கு நெருக்கமானது அப்போஸ்தலர் 23ஆம் அதிகாரம். தன்னை அடிக்கச் சொன்ன அனனியாவைப் பவுல் ‘வெள்ளையடிக்கப்பட்ட சுவரே’ என்கிறார். அவர் பிரதான ஆசாரியர் என்று அறிந்ததும், அதிபதியைத் தீது சொல்லக் கூடாது என்ற கட்டளையைத் தாமே எடுத்துக் காட்டுகிறார். ஆனால் நியாயப்பிரமாணத்துக்கு விரோதமாக அடிக்கச் சொன்னாய் என்ற குற்றச்சாட்டை அவர் எங்கும் விலக்கிக்கொள்ளவில்லை. விலகியது வசைச்சொல் மட்டுமே.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்:
ஆசிரியர் வேதத்தைச் சொன்னார். நான் அந்தச் சொல்லைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் மண்ணில் ‘துரோகி’ வெறும் வசவாக இருந்ததில்லை. துரோகி என்று தூற்றப்பட்ட யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா 1975இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பின்னர் எத்தனை பேரின் பெயரோடு அந்தச் சொல் ஒட்டிக்கொண்டு துவக்குக்கு வழிகாட்டியது என்பதை என் வயதினர் விரல் விட்டு எண்ண முடியாது. 2005 நத்தார் நள்ளிரவு ஆராதனையில், மட்டக்களப்புப் பேராலயத்துக்குள்ளேயே பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் ஐயாவைச் சுட்டுக் கொன்றார்கள். அரசியல் பகை கோவில் வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைக்கப்படும் என்று நம்புவதற்கு எங்களுக்கு உரிமையில்லை. தம்பிக்கு இந்த வரலாறு தெரியாமல் இருக்கலாம். அவர் பிறந்த காலம் அப்படி.

லிங்கநகர் சகோதரி:
இரண்டு பதில்களையும் ஏற்கிறேன், ஆனால் ஒரு பயம் இருக்கிறது. காணி பற்றியும் காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றியும் கேட்கும் தாய்மாரிடம்தான் ‘பண்பாகப் பேசுங்கள்’ என்று முதலில் சொல்லப்படுகிறது. பதில் சொல்ல வேண்டியவர்களிடம் எவரும் அதைக் கேட்பதில்லை. கன்னத்தில் அறைந்த சேவகனிடம் இயேசு பேசாமல் இருக்கவில்லை. நான் தகுதியாய்ப் பேசியிருந்தால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார் (யோவான் 18:23). ஆகவே தம்பியின் வாயை அடைக்காதீர்கள். அண்ணரின் கட்சி காணி விடயத்தில் என்ன செய்தது என்ற கேள்வி அவரிடம் இருந்தால், அதை அண்ணரின் முகத்தைப் பார்த்துக் கேட்கச் சொல்லுங்கள். முகத்துக்கு நேரே சொல்லத் தயங்குகிற சொல்லைத்தான் நாங்கள் கைத்தொலைபேசியில் தட்டுகிறோம், நானும் தட்டியிருக்கிறேன்.

உப்புவெளி வாசகன்:
எல்லோருக்கும் நன்றி. தம்பியோடு அப்போஸ்தலர் 23ஐ வாசித்தேன். ஓய்வுபெற்ற ஐயா எழுதியதையும் காட்டினேன், அதை அவர் இரண்டு முறை வாசித்தார். பழைய செய்தியை இப்போது அழிக்க முடியவில்லை என்பதால், நேற்றிரவு குழுவில் புதிதாக எழுதியிருக்கிறார்: “அண்ணை, அந்தச் சொல்லை மீளப் பெறுகிறேன். காணி பற்றிய கேள்வியை மீளப் பெறவில்லை, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேரில் கேட்பேன்.” எல்லோரும் வாசித்துவிட்டதாக நீலக் குறி காட்டுகிறது. அண்ணர் இன்னும் பதில் எழுதவில்லை.