மோரிஸ் மைனர் ட்ராவலர்: புது மரச்சட்டத்தை எந்த வரிசையில் ஏற்றுவது?

சிராங்கூன்67:

வணக்கம். வண்டி 1967 மோரிஸ் மைனர் ட்ராவலர், 1098 சிசி; பின்பாதி உடலை மரச்சட்டம் தாங்கும் பழைய இங்கிலாந்து கார். சிங்கப்பூரில் தரைவீட்டு போர்ச்சில் வைத்து வேலை நடக்கிறது. பழைய மரத்தைக் கழற்றியாகிவிட்டது; கீழ்ச்சட்டம் விரலால் அழுத்தினாலே உள்வாங்கும் நிலை. பின் சேசியில் துருவை வெட்டிப் புதுத் தகடு வெல்டிங் செய்து பெயிண்டும் முடிந்தது. இங்கிலாந்திலிருந்து புது ஆஷ் மரம் வந்திருக்கிறது: பக்கச்சட்டம் இரண்டும் ஒட்டித் தயாராக, பின்கதவுகளும் குறுக்குச்சட்டங்களும் தனியாக. அலுமினியக் கூரையும் பக்கத் தகடுகளும் பழையவைதான், நன்றாக இருக்கின்றன.

எதை முதலில் பூட்டுவது? எந்த ஸ்க்ரூ? மேலே வார்னிஷா, எண்ணெயா? டிசம்பர் மழை போர்ச்சுக்குள் சாரலாக அடிக்கும் என்பதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

உப்புத்தாள்:

பூட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி. மரம் இப்போது எங்கே இருக்கிறது? ஏர்கான் அறையில் என்றால் இன்றே வெளியே எடுங்கள். சூளையில் உலர்த்திய ஆஷ் இங்கிலாந்திலிருந்து 10–12 சதவீத ஈரத்தில் கிளம்பும். நம்ம ஊரில் நிழலான வெளியிடத்தில் அது 16 சதவீதம் வரை இழுத்துக்கொள்ளும். உலர்ந்த நிலையிலேயே பூச்சு அடித்துப் பூட்டினால், பிறகு மரம் உப்பும்போது மூட்டு ஓரத்தில் பூச்சு மயிரிழையாக வெடிக்கும். அந்த வெடிப்பில்தான் தண்ணீர் இறங்கிக் கறுப்புக் கோடு விழுகிறது. ஈரம் 20 சதவீதம் தாண்டிவிட்டால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஆஷ் வலுவான மரம், வளையும், ஆனால் அழுகலைத் தாங்குவதில் படுமோசம். கரையானுக்கும் பிடிக்கும்.

மழை படாத, காற்று ஓடும் இடத்தில் 20 மிமீ கட்டைகள் இடைவெளி கொடுத்து அடுக்குங்கள். ஊசி வைத்த ஈரமானி ஒன்று வாங்கி வாரம் ஒருமுறை ஒரே இடத்தில் குத்திப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு வாரமும் ஒரே எண் காட்டினால் வேலையைத் தொடங்கலாம்.

அதன்பிறகு எல்லா வெட்டுமுகத்திலும் போரேட் மருந்து (பூஞ்சை, கரையான் தடுப்பு) ஊறும்வரை தடவிக் காயவிடுங்கள். நன்றாகக் காய்ந்ததும், பூட்டிய பின் கண்ணுக்குத் தெரியாமல் போகும் முகங்கள் அத்தனைக்கும் இப்போதே பூச்சு: இரும்போடு ஒட்டும் பக்கம், கண்ணாடிச் சட்டம் உட்காரும் காடி, கீழ்ச்சட்டத்தின் அடி. முதல் கோட்டை மட்டும் தின்னர் கலந்து நீர்க்க அடியுங்கள். வெளிமுகத்தைப் பளபளக்க வைத்துவிட்டு உள்முகத்தை வெறுமையாக விடுவதுதான் இந்த வண்டியின் மரத்தைக் கொல்லும் பழக்கம்.

பசையைப் பற்றியும் ஒரு வார்த்தை: 31, 32 டிகிரியில் எபாக்சி கப்பிலேயே சூடேறி இறுகிவிடும். மெதுவாக இறுகும் ஹார்டனர் எடுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து அகலமான தட்டில் பரப்பி வையுங்கள். விடியற்காலை இதற்கு நல்ல நேரம்.

ஸ்பேனர்716:

வரிசை இதுதான். மரம் ஏறுவதற்குள் அடிவேலை எல்லாம் முடிந்திருக்க வேண்டும்: பிரேக் குழாய்கள், எரிபொருள் குழாய், பின் லீஃப் ஸ்பிரிங் தொங்கட்டான்கள். பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் காலடியில் சேசிக் குழிக்குள் இருப்பதால் அதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். மரம் ஏறிய பிறகு அதன் பக்கத்தில் வெல்டிங் என்ற பேச்சே கூடாது.

பின்சக்கர வளைவுத் தகட்டை வண்டிக்கு வெளியிலேயே பக்கச்சட்டத்தோடு பூட்டுங்கள். பிறகு இரண்டு பேர் தூக்கி வைத்து, முன்பக்கம் ஸ்டீல் பி-தூணிலும் (முன்கதவுக்குப் பின்னால் நிற்கும் தூண்) கீழே தரைத் தகட்டிலும் போல்ட்டை நூல் பிடிக்கும் அளவுக்கு மட்டும் விடுங்கள். மறுபக்கமும் அப்படியே. அடுத்து பின் கீழ்க் குறுக்குச்சட்டம், மேல் குறுக்குச்சட்டம். இப்போது பின்கதவுத் திறப்பின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, வித்தியாசம் 2–3 மிமீக்குள் வரும்வரை தட்டி நகர்த்துங்கள். கூரையைச் சும்மா மேலே வைத்து, முன்பக்க ஸ்டீல் கூரையோடு விளிம்பு சேர்கிறதா பாருங்கள். முன்கதவு இரண்டையும் மாட்டி மூடிப் பாருங்கள், பின்கதவுகளையும் தொங்கவிடுங்கள். எல்லாம் ஒத்து வந்த பிறகுதான் முறுக்கல், அதுவும் முன்னிருந்து பின்னோக்கி.

இந்த ஒத்திகை முடிந்ததும் முழுவதும் கழற்றி, இறுகாத மாஸ்டிக் (இடுக்கில் தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை) தடவி மறுபடி பூட்ட வேண்டும். இரட்டை வேலைதான், ஆனால் மாஸ்டிக்கோடு அளவு பார்ப்பவர் கையும் கெடும், அளவும் கெடும். சாதாரண சிலிகான் வேண்டாம். அது பட்ட இடத்தில் பிறகு எந்தப் பூச்சும் ஒட்டாது.

சிராங்கூன்67:

மிக்க நன்றி அண்ணே. மரம் இன்னும் காத்திருக்கிறது. இதற்கிடையில் பழைய மேல்சட்டத்தைத் தற்காலிகமாக வைத்து இடது முன்கதவை மாட்டிப் பார்த்தேன். கதவின் பின் ஓரத்தில் மேலே 8 மிமீ இடைவெளி, கீழே 3 மிமீ. கீல் தேய்ந்துவிட்டதா?

ஸ்பேனர்716:

கீல் இல்லை, தம்பி. கீல் தேய்ந்து கதவு தொங்கினால் நேர்மாறாக வரும்: மேலே இடுக்கும், கீழே விரியும். உங்களுக்கு மேலே விரிந்திருக்கிறது என்றால் பி-தூண் பின்னால் சாய்ந்திருக்கிறது. ஆக்சில் ஸ்டாண்டை எங்கே வைத்திருக்கிறீர்கள்? வண்டியின் நடுப்பகுதியில் என்றால் வால் தானாகத் தொங்கும். மரம் இல்லாத ட்ராவலருக்கு முதுகெலும்பு இல்லை. பின் ஸ்டாண்டை ஆக்சிலுக்கு அடியிலும், முன் ஸ்டாண்டை முன் சஸ்பென்ஷனுக்கு அடியிலும் மாற்றுங்கள். ரசமட்டம் வைத்து நாலு மூலையையும் சமப்படுத்திவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் சரியாகவில்லை என்றால்தான் வெல்டிங்கில் சேசி இழுத்துக்கொண்டதா என்று பார்க்க வேண்டும். இடைவெளியை மறைக்கக் கதவைத் தேய்ப்பது, தூணுக்குக் கட்டை கொடுப்பது இரண்டும் இப்போது வேண்டாம்.

காடிப்பலகை:

ஸ்க்ரூ கேள்வி விடுபட்டுப் போச்சே. மரத்துக்குள் போவதற்குப் பித்தளை நல்லது, ஆனால் ஆஷில் நேராக முறுக்கினால் தலை அறுந்து கையில் வரும். 10-ம் நம்பர் ஸ்க்ரூவுக்கு 3 மிமீ துளை போட்டு, முதலில் அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஏற்றிக் கழற்றுங்கள். அது நூல் வெட்டிக் கொடுத்த பிறகு பித்தளையில் மெழுகு தேய்த்துக் கையாலேயே முறுக்குங்கள். டிரில் மெஷின் வேண்டவே வேண்டாம். அலுமினியத் தகட்டைப் பிடிக்கும் இடத்தில் மட்டும் பித்தளை கூடாது. ஈரம் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். அங்கே ஸ்டெயின்லெஸ், நடுவில் நைலான் வாஷர். அலுமினியம் சக்கர வளைவு இரும்பில் உரசும் இடத்திலும் நேரடித் தொடர்பு இல்லாமல் மாஸ்டிக் பட்டை வையுங்கள்.

பூச்சு: வீட்டுக்குள் அடிக்கும் பாலியூரித்தேன் நம்ம வெயிலுக்கு நிற்காது. படகுக்கு அடிக்கும் புற ஊதா தாங்கும் ஸ்பார் வார்னிஷ், மெல்லியதாக 6–7 கோட், நடுவில் 240 உப்புத்தாள். எண்ணெய் மட்டும் என்றால் சில மாதத்துக்கு ஒருமுறை தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும், இங்கே சீக்கிரம் கறுத்தும் போகும். வார்னிஷிலும் தண்ணீர் தங்கும் மேல்முகங்களுக்கு ஆண்டுக்கு ஒரு கோட் தேவை.

நகரும் கண்ணாடியின் கீழ்ப்பள்ளத்தில் இருக்கும் ஃபெல்ட் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பழையதைத் திரும்பப் போடாதீர்கள். தண்ணீர் வடியும் துளைகளில் மாஸ்டிக் அடைத்திருக்கிறதா என்று கம்பி விட்டுப் பாருங்கள். மரத்தின் மேல் உட்காரும் விளக்குகளுக்குத் தனி எர்த் வயர் இழுக்க மறக்காதீர்கள். மரம் மின்சாரம் கடத்தாது.

தோபாயோவாசி:

ஒரு சின்னச் சந்தேகம். இதை எச்டிபி (அரசு அடுக்குமாடி வீடுகள்) கார்பார்க்கில் செய்ய விடுவார்களா?

உப்புத்தாள்:

மாட்டார்கள். தரைவீடு இல்லையென்றால் பட்டறையில் இடம் பிடிக்க வேண்டியதுதான். சிங்கப்பூரின் கிளாசிக் வாகனத் திட்டத்தில் (35 வயது தாண்டிய வண்டிகளுக்கு) பதிந்தாலும் சாலைக்கு எடுக்க ஆண்டுக்கு 45 நாள்தான். மீதி நாளெல்லாம் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும் என்பதால், மழைக் கவர் போடுவதாக இருந்தால் காற்று போகும் துணிக் கவர் பாருங்கள். பிளாஸ்டிக் கவருக்குள் மரம் வியர்க்கும்.