92 ஆயிரம் கொடுத்து வாளிச் சத்தம் கேட்டது: தப்பு யாருடையது?

தோப்புக்காரன் (காவேரிப்பட்டணம்)

கல்யாணமாகி 25 வருஷம். ஜூன் இரண்டாம் வாரம், மாங்காய் அறுவடையை மச்சான் தலையில் கட்டிவிட்டு அந்தமான் போனோம். பெங்களூரில் விமானம் ஏறி, போர்ட் பிளேரில் இறங்கி (இப்போது ஸ்ரீ விஜயபுரம்), அங்கிருந்து படகில் ஹேவ்லாக். அதற்கும் 2018-லிருந்து ஸ்வராஜ் தீவு என்று பெயர். கிழக்குக் கரையில் பெரிய ரிசார்ட். பெயர் வேண்டாம். ஒரு இரவுக்கு 19,500, நான்கு இரவு, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 92,040.

நீச்சல் குளத்தில் தண்ணீரே இல்லை, டைல்ஸ் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். கடலைப் பார்த்த அறை என்றார்கள். கண் முன்னால் சாரம் கட்டி நீலத் தார்பாய். ஏசியிலிருந்து தண்ணீர் ஒழுகியது. ஆள் வந்து பார்த்தார், வாளி வைத்துவிட்டுப் போனார். ராத்திரி பூரா டக், டக். கடைசியில் வீட்டம்மா எழுந்து குளியலறைத் துண்டை வாளிக்குள் போட்டார், அப்புறம்தான் தூங்கினோம். காலையில் எழுந்து பார்த்தால் கடல் உள்வாங்கிப் போய், கண்ணுக்கெட்டிய தூரம் பாறையும் செத்த பவளமும். முட்டியளவு தண்ணீருக்கே பத்து நிமிஷம் நடக்க வேண்டும். இணையத்தில் இருந்த படத்தில் கடல் படிக்கட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது.

வேறு அறை கேட்டோம், "ஃபுல்" என்றார்கள். சாப்பாட்டு அறையில் எங்களோடு சேர்த்து ஆறு பேர்.

பரிசல்துறை லாட்ஜ் (ஒகேனக்கல்)

ஐயா, கோபப்படாதீங்க, நானும் இதே தொழில்தான், பத்து அறை. தென்மேற்குப் பருவமழை கேரளாவுக்கு வரும் முன்னாலேயே, மே மூன்றாம் வாரத்தில் அந்தமானைத் தொட்டுவிடும். நீங்கள் போனது ஜூனில். ஜனவரியில் அதே அறை என்ன விலை என்று பார்த்தீர்களா? விலை குறைவது சும்மா இல்லை. கடல் உள்வாங்குவதை எந்த முதலாளியும் நிறுத்த முடியாது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி இன்னும் அதிகமாக உள்வாங்கும். அந்தக் கிழக்குக் கரை எப்போதும் அப்படித்தான். மணல் கடற்கரை வேண்டுமென்றால் மேற்கே ராதாநகர் போயிருக்க வேண்டும்.

தோப்புக்காரன்

போனோம். அலை பெரிது, குளிக்கக் கூடாதென்று விசில் ஊதினார்கள். அதற்கு நான் யாரையும் குறை சொல்லவில்லை. மழையையும் சொல்லவில்லை. வைகாசியில் கல்யாணம் செய்தவன் வைகாசியில்தானே கொண்டாட முடியும்? கேட்பது குளத்தையும் வாளியையும் பற்றி.

ஓசூர் ஷிப்ட்

நாங்கள் பிப்ரவரியில் அதே தீவு. அருமை. தண்ணீர் கண்ணாடி மாதிரி. சீசனில் போகாமல் குறை சொல்வது, பங்குனி வெயிலில் வந்து ஏற்காட்டில் குளிரவில்லை என்பது போல.

அரூர் அக்கா

ஓசூர் தம்பி, உங்கள் ஏசி ஒழுகியதா? இல்லைதானே. பிப்ரவரிக்கும் வாளிக்கும் என்ன சம்பந்தம்?

பரிசல்துறை லாட்ஜ்

அக்கா, மராமத்து வேலையை எப்போது பார்ப்பது? டிசம்பரில் ஆள் நிரம்பியிருக்கும்போது டைல்ஸ் பெயர்க்க முடியுமா? நானே பெயின்ட் அடிப்பது, பைப் மாற்றுவது எல்லாம் கூட்டமில்லாத மாதத்தில்தான். கடற்கரைக் கட்டடம் என்றால் உப்புக்காற்று வேறு. இரும்பு, ஏசி எதுவும் தாங்காது.

அரூர் அக்கா

பாருங்கள் தாராளமாக. பதிவு செய்யும்போதே "குளம் மூடியிருக்கு"ன்னு ஒரு வார்த்தை சொல்வதற்கென்ன?

பரிசல்துறை லாட்ஜ்

சொன்னால் யார் வருவார்கள்?

அரூர் அக்கா

அண்ணே, இதைத்தான் இவ்வளவு நேரமாக உங்கள் வாயிலிருந்து வரவைக்கப் பார்த்தேன் 😄

பாலக்கோடு தக்காளி

92 ஆயிரத்துக்கு ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்து, மீன் வறுவல் சாப்பிட்டு, பரிசலில் சுற்றி... ஆயுசுக்கும் ஓடும். (விவாதத்துக்குச் சம்பந்தமில்லை, பசிக்கிறது.)

அரூர் அக்கா

சம்பந்தம் இருக்கு. கபினி, கேஆர்எஸ் அணைகளில் தண்ணீர் திறந்துவிட்டால் பரிசலுக்குத் தடை போடுவார்கள். போன ஆடியில் நான் அந்தப் பக்கம் ஒரு லாட்ஜுக்கு போன் செய்தேன். எடுத்தவர், "அம்மா, பரிசல் ஓடலை, அருவியில குளிக்கவும் விடலை, யோசிச்சு வாங்க" என்றார். நாங்கள் போகவில்லை, தண்ணீர் வடிந்ததும் அவரிடமேதான் போனோம். லாட்ஜ் அண்ணே, உங்கள் இடத்துக்கு போன் செய்தால் என்ன சொல்வீர்கள்?

பரிசல்துறை லாட்ஜ்

நானும் அதைத்தான் சொல்வேன். வந்த பிறகு முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு வாசலில் நின்று சண்டை போடுகிறார்கள், அதைவிட இது மேல். ஆனால் ஒன்று: பரிசல் தடை அன்றன்றைக்குக் கலெக்டர் முடிவு. காலையில் ஓடும், மத்தியானம் நிற்கும். அதற்கெல்லாம் என்னைப் பிடிக்காதீர்கள். தோப்புக்காரரே, ஒரு கேள்வி. நீங்கள் பணம் கட்டியபோது குளத்து வேலை ஆரம்பித்திருந்ததா? நடுவில் திடீரென்று உடைந்திருந்தால் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கு.

தோப்புக்காரன்

இப்போதுதான் போனில் தேடினேன். குளத்தோரம் வைத்திருந்த பலகையை வீட்டம்மா படம் எடுத்திருக்கிறார். "பராமரிப்புக்காக மூடப்பட்டுள்ளது, மே 18 முதல்." நான் பணம் கட்டியது மே 27.

ஓசூர் ஷிப்ட்

ஓ. அப்படியென்றால் வேறு கதை.

அரூர் அக்கா

சாப்பாட்டு பில்லில் சர்வீஸ் சார்ஜ் போட்டார்களா?

தோப்புக்காரன்

10 சதவீதம். கேட்டதற்கு "கம்பல்சரி சார்" என்றார்கள்.

அரூர் அக்கா

இல்லை. தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 1915-க்கு (தேசிய நுகர்வோர் உதவி எண்) போன் போடுங்கள். அதில் முடியாவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், அந்தமானுக்கு அலைய வேண்டாம். நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

பாலக்கோடு தக்காளி

வாளியைப் படம் எடுத்தீங்களா?

தோப்புக்காரன்

வீடியோவே இருக்கு. டக், டக் சத்தத்தோடு.

பரிசல்துறை லாட்ஜ்

அப்போ போடுங்க. பலகைப் படம், பணம் கட்டிய ரசீது, வாளி, பில், இந்த நாலு போதும். கடல் உள்வாங்கியதை மட்டும் எழுதாதீங்க. எதிர்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் மறக்கடித்துவிடுவார்.

தோப்புக்காரன்

வீட்டம்மாவும் அதையேதான் சொன்னார். இரண்டு பாரா எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன்.