வேலைக்குப் போன பிறகு: எங்கள் ஐக்கியத்துக்காரர்கள் சொன்னவை

தணிக்கையாளர், கோயம்புத்தூர்

எங்கள் கிறிஸ்தவ ஐக்கியத்தின் அடுத்த மாத முகாமில், வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருடம் ஆன தம்பி தங்கைகளுக்குத் தலைமைத்துவம் பற்றி ஒரு வகுப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வேதத்தில் வரும் யோசேப்பு, தானியேல், நெகேமியா மூவரையும் வைத்து ஒரு மணி நேரத்தை ஓட்டிவிடலாம்தான். ஆனால் கல்லூரி ஜெபக்குழுவிலிருந்து வருகிறவர்கள் அந்த மூவரையும் கரைத்துக் குடித்தவர்கள். அவர்களுக்குப் பழக்கமில்லாதது அலுவலகம். அதனால் உங்களிடம் கேட்கிறேன். வேலையிடத்தில் யாரிடம் மாட்டிக்கொண்டீர்கள், யார் கைகொடுத்தார்கள், என்ன நடந்தது? நடந்தபடியே எழுதுங்கள். பிரசங்கம் வேண்டாம். முடிவு நல்லபடியாக வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

நானே தொடங்குகிறேன். ஒரு நூற்பாலையில் கையிருப்புச் சரிபார்ப்பு. கோடவுனில் இருக்கும் பஞ்சின் மதிப்பைப் பார்த்துத்தான் வங்கி நடைமுறைக் கடன் கொடுக்கும். பேல், அதாவது பஞ்சுப் பொதி, கூடினால் கடன் வரம்பும் கூடும். கோடவுனின் ஒரு மூலையில், கூலிக்கு நூற்றுத் தரச் சொல்லி வேறொருவர் அனுப்பிய பேல்கள் அடுக்கியிருந்தன. "அதையும் சேர்த்து எண்ணிக்கோம்மா, வருஷா வருஷம் அப்படித்தான்" என்றார் முதலாளி. என் சீனியர் போனில், "கிளையன்ட்டைப் பகைச்சுக்காதே" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை ஐக்கியக் கூட்டத்தில் ஜெபக்குறிப்பு கேட்டபோது இதைச் சொன்னேன். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் மாமா ஒருவர் உண்டு. எல்லோரும் கண்ணை மூடப் போகும் நேரத்தில் அவர், "ஜெபம் இருக்கட்டும், பேல்ல லாட் நம்பர் போட்டிருக்குமே, குறிச்சியா?" என்று கேட்டார். அப்புறம் வழி சொன்னார். ஆலையின் பேல்களுக்கு ஒரு பட்டியல், கூலிக்கு வந்தவற்றுக்குத் தனிப் பட்டியல், இரண்டிலும் லாட் எண், தேதி, கோடவுன் பொறுப்பாளர் கையெழுத்து. "யாரையும் திருடன்னு நீ சொல்ல வேண்டாம். ரெண்டு பட்டியலையும் ஃபைல்ல வை. அது போதும்."

அப்படியே செய்தேன். அடுத்த வருடம் அந்த ஆலைக்கு என்னை அனுப்பவில்லை, நானும் வருத்தப்படவில்லை. ஆனால் பட்டியலை வைத்ததற்கு அடுத்த சனிக்கிழமையும் மாமா மறக்காமல், "அந்த ரெண்டாவது பட்டியல் ஃபைல்ல இன்னும் இருக்கா, உருவிட்டாங்களா?" என்று கேட்டார் பாருங்கள், அதற்காகத்தான் நான் இன்றும் இந்தக் கூட்டத்துக்கு வருகிறேன். பாட்டும் வேதபாடமும் சபையிலேயே கிடைக்கும். போன வாரம் சொன்ன விஷயம் என்னாச்சு என்று கேட்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை.

அரசுப் பொறியாளர், தென் மாவட்டம்

அக்கா பட்டியல் என்றதும் எனக்கு எம்-புக் ஞாபகம் வந்தது. துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: போட்ட சாலையோ கட்டிய சிறுபாலமோ, நீளம் அகலம் ஆழம் அளந்து அந்த அளவுப் புத்தகத்தில் எழுதினால்தான் ஒப்பந்தக்காரருக்குப் பில். அதில் அழித்து எழுதக் கூடாது. தவறு வந்தால் கோடு போட்டு அடித்துச் சுருக்கொப்பம் இட வேண்டும். ஆக, பேனா பிடிக்கிறவன் கையில்தான் எல்லாம். அந்தக் கைக்கு எத்தனை சதவீதம் என்பது ஊரறிந்த கணக்கு.

பணியில் சேர்ந்த புதிதில் எங்கள் குழுவில் லூக்கா 3-ஆம் அதிகாரம் படித்தோம். வரி வசூலிக்கும் ஆயக்காரர் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். யோவான் ஸ்நானன் அவர்களை வேலையை விடச் சொல்லவில்லை. கட்டளையிட்டதற்கு மேல் வாங்காதீர்கள் என்கிறார், அவ்வளவுதான். போர்ச்சேவகருக்கு, சம்பளம் போதும் என்று இருங்கள் என்கிறார். எனக்கு இதைவிடத் தெளிவாக வேறெதுவும் தேவைப்படவில்லை.

வாங்க மாட்டேன் என்று சொல்வது பெரிய கஷ்டமில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் எந்த முகாமிலும் எனக்கு யாரும் சொல்லித் தராதது. ஒப்பந்தக்காரர்கள் பயந்துபோனார்கள்! 'இவர் வாங்கவில்லை என்றால் இன்னும் பெரிதாக எதையோ எதிர்பார்க்கிறார், இல்லாவிட்டால் பில்லை முடக்கப் போகிறார்' என்று ஒருவர் என் உதவியாளர் மூலம் ஆழம் பார்த்தார். ஒரு மேஸ்திரி இன்னும் நேரடி. "சார், வாங்குறவர்கிட்ட நாள் கணக்கு உண்டு. குடுத்தா இத்தனை நாள்ல பில் வந்துரும். உங்ககிட்ட எங்களுக்கு என்ன கணக்கு?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கை சுத்தமாக இருந்து ஃபைல் மேஜையில் தூங்கினால் அவர் கூலி கொடுக்க வேண்டிய ஆட்களுக்கு என்ன லாபம்? அன்றிலிருந்து அளக்கும் தேதியை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். அவர்கள் ஆள் பக்கத்தில் நிற்க, களத்திலேயே எழுதுவேன். பில் என் மேஜையைத் தாண்டிய அன்றே ஒரு போன். மேலே போய் எங்கே நின்றாலும் அது என் கையில் இல்லை என்பதையும் சொல்லிவிடுவேன். மேலே நிற்கத்தான் செய்யும், அதையும் மறைப்பதற்கில்லை.

எனக்கு வைத்த பட்டப்பெயர் 'பாஸ்டர் சார்'. கிண்டல்தான். இப்போது இரண்டாவது முறை இடமாற்றம் ஆகி வந்திருக்கிறேன். பட்டப்பெயர் எனக்கு முன்னாலேயே இங்கே வந்து சேர்ந்திருந்தது. வீட்டில் பிள்ளையின் பள்ளி மாறியதில் மனைவிக்கு என்மேல் கோபம் தீரவில்லை. இதையும் வகுப்பில் சேர்த்துச் சொல்லுங்கள் அக்கா.

மருத்துவர், திண்டுக்கல் பக்கம்

வேலூர் சி.எம்.சி.யில் படித்தவள். சபையோ மிஷன் அமைப்போ பரிந்துரைத்து அங்கே இடம் பெறுகிறவர்கள், படித்து முடித்ததும் மிஷன் மருத்துவமனையில் இரண்டு வருடம் பணி செய்ய வேண்டும். எனக்கு பீகாரில் ரக்சவுல். எல்லையைத் தாண்டினால் நேபாளத்தின் வீர்கஞ்ச். அங்குள்ள டங்கன் மருத்துவமனை 1930-இல் டாக்டர் செசில் டங்கன் தொடங்கியது. எனக்கு ஹிந்தியே தடுமாற்றம். வருகிறவர்கள் பேசுவதோ போஜ்புரி.

பிரசவ வார்டில் என் தொடக்கக் காலத்து இரவு ஒன்று. வலிப்போடு ஒரு கர்ப்பிணியைக் கொண்டுவந்தார்கள். இரத்த அழுத்தம் எகிறியிருந்தது. மெக்னீசியம் சல்ஃபேட் போட வேண்டும் என்பது பாடத்தில் படித்ததுதான், ஆனால் நான் வாயைத் திறக்கும் முன்பே மூத்த நர்ஸ் ஒருவர் மருந்தை ஊசியில் ஏற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். போடவில்லை. என் முகத்தைப் பார்த்து, "டாக்டர், ஆர்டர் சொல்லுங்க" என்றார். சொன்னேன். போட்டார். என் வயதுக்கு நிகரான வருடங்கள் அந்த வார்டில் இருந்தவர் அவர்.

தாயைக் காப்பாற்றினோம். குழந்தை வரும்போதே இறந்திருந்தது.

விடிந்து தேநீர் குடிக்கும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த டோஸுக்கு முன் முழங்கால் தட்டிப் பார்ப்பது, மூச்சு எண்ணுவது, சிறுநீர் அளவு பார்ப்பது எல்லாவற்றையும் அவரே எப்படி வரிசையாகச் செய்வார் என்று காட்டினார். வார்டில் எல்லோர் முன்னாலும் அதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னை டாக்டராக நிற்க வைத்தவர் அவர்தான்.

திரும்பி வந்த பிறகு நட்சத்திர ஓட்டலில் நடந்த கிறிஸ்தவத் தலைமைத்துவக் கருத்தரங்கு ஒன்றுக்குக் கூட்டிப்போனார்கள். சீடர்களின் கால்களை இயேசு கழுவும் படத்தைத் திரையில் போட்டுப் பேசினார்கள். படத்துக்கு முன்னால் மேடையில் சிறப்பு விருந்தினர்களுக்கு மட்டும் சோபா. மதியச் சாப்பாட்டோடு எழுந்து வந்துவிட்டேன்.

உற்பத்திப் பிரிவு, ஸ்ரீபெரும்புதூர்

அண்ணா, அக்கா, என்னுடையது அனுபவம் பாதி, கேள்வி பாதி. ஷிஃப்ட் இன்சார்ஜ் ஆகி வருகிற முதல் ஆயுத பூஜை. மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுப்பார்கள். இன்சார்ஜ்தான் தேங்காய் உடைத்துத் தொடங்கி வைக்க வேண்டும் என்பது எங்கள் லைனில் வழக்கம். அன்று லீவு போட்டுவிடு என்கிறார் எங்கள் சபையில் ஒரு மூப்பர். நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று இந்த ஆட்களிடம்தான் நான் தினமும் காலையில் சொல்கிறேன். அன்றைக்கு மட்டும் காணாமல் போவதா?

தரக்கட்டுப்பாடு, ஓசூர்

தம்பி, இதே நிலையில் நானும் நின்றிருக்கிறேன். முதலில் 2 இராஜாக்கள் 5-ஐ எடுத்துப் படி. குஷ்டம் நீங்கிய சீரியப் படைத்தலைவன் நாகமான், இனி கர்த்தரைத் தவிர வேறு யாருக்கும் பலியிட மாட்டேன் என்று சொன்ன கையோடு எலிசா தீர்க்கதரிசியிடம் ஒன்றைக் கேட்கிறான். என் எஜமான் என் கைமேல் சாய்ந்துகொண்டு ரிம்மோன் என்ற அவர்கள் தெய்வத்தின் கோவிலில் பணியும்போது நானும் குனிய வேண்டியிருக்கும், அதைக் கர்த்தர் மன்னிக்க வேண்டும் என்கிறான். சரி என்றும் இல்லை, தப்பு என்றும் இல்லை, "சமாதானத்தோடே போ" என்பதுதான் பதில். இதை வைத்து எல்லாம் செய்யலாம் என்று நான் சொல்லவரவில்லை. வேதமே அந்த இடத்தில் கையைப் பிசைகிறவனை விரட்டவில்லை என்கிறேன்.

நான் செய்தது இது. ஒரு வாரம் முன்னதாகவே லைனில் மூத்த ஆபரேட்டரைத் தேநீருக்குக் கூப்பிட்டு, "அண்ணே, என் விசுவாசத்தில் இது எனக்கு முடியாது. ஆனா நான் இங்கதான் இருப்பேன். தேங்காயை நீங்க உடைச்சுத் தர முடியுமா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "சார், நீங்க வராம போனாத்தான் தப்பா நினைப்போம். உடைக்கிறதை நாங்க பாத்துக்கிறோம்." அன்று காலையில் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி இனிப்புப் பெட்டி கொடுத்து நன்றி சொன்னது நான். பூஜை நடக்கும்போது பின்னால் நின்றேன். அவர்தான் உடைத்தார், அதில் அவருக்குப் பெருமை.

பொரி கடலை சாப்பிடலாமா என்று அடுத்துக் கேட்பாய். விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடுவது பற்றிப் பேசும் 1 கொரிந்தியர் 8-ஐயும் 10-ஐயும் சேர்த்துப் படித்து நீயே முடிவு செய். எங்கள் ஐக்கியத்திலேயே இதில் இரண்டு கட்சி. நான் எந்தக் கட்சி என்று எழுதினால் இங்கே வேறு பேச்சு நடக்காது.

வங்கி அதிகாரி, வட மாவட்டம்

எல்லோரும் அலுவலகத்தைப் பற்றியே எழுதுகிறீர்கள். எனக்கு அலுவலகம் பெரிய பிரச்சினையாக இருந்ததில்லை. நான் எழுதப் போவது நம்மைப் பற்றி.

எங்கள் குடும்பம் தாத்தா காலத்தில் கிறிஸ்தவர்களானது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவர் பட்டியல் சாதியில் வரமாட்டார். 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், நம்மைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் எங்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்தான். ஆக, அரசாங்கத்தின் கணக்கில் ஞானஸ்நானத்தோடு எங்கள் சாதி போய்விட்டது. ஊரில் காலனி காலனியாகவே இருக்கிறது.

ஐக்கியத்தில் அதை நான் பல வருடம் உணரவில்லை என்பது உண்மை. என்னை வேதத்தில் வளர்த்த அண்ணன் ஒருவர் உண்டு. அவர் வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன். குழுத் தலைவனாக என்னைப் பரிந்துரைத்தவரே அவர்தான். நம் ஐக்கியத்துச் சகோதரி ஒருவரைத் திருமணம் செய்ய விரும்புகிறேன் என்று போய் நின்றேன். "தம்பி, ஜெபிப்போம். குடும்பப் பின்னணியும் ஒத்துப்போகணும் இல்லையா" என்றார். எந்தப் பின்னணி என்று கேட்டேன். அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை.

அந்த வருட முகாமில் திருமணம் பற்றி ஒரு அமர்வு. கேள்விகளைச் சீட்டில் எழுதிப் போடச் சொன்னார்கள். 'விசுவாசிக்கு விசுவாசி என்றால் எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம் என்று ஏன் கேட்கிறோம்?' என்று எழுதிப் போட்டேன். செல்போன், சினிமா, வரதட்சணை எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. நேரமாகிவிட்டது என்று என் சீட்டை மட்டும் மடித்து வைத்துவிட்டார்கள்.

அதே முகாமில் அன்று இரவு அசரியாவைப் பற்றிப் பேசினார்கள். எப்போதும் பேசுவதுதான்: வெள்ளாளன்விளையில் பிறந்து, ஒய்.எம்.சி.ஏ.வில் வாலிபர் ஊழியம் செய்து, முப்பது வயதுக்குள் 1903-இல் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கக் காரணமானவர், 1912-இல் இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் பேராயர். எல்லாம் சரி. அவர் பேராயராக இருந்த தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலில் அவரோடு சபையாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்ற தலித் சாதி மக்கள் என்பதை அந்தப் பேச்சில் சொல்லவே இல்லை. 1910-இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனெரிகளை நேருக்கு நேர் பார்த்து, தியாகம் செய்தீர்கள், சரி, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டவர் அவர். அந்தக் கேள்வியை நாம் வெள்ளைக்காரனோடு நிறுத்திக்கொண்டோம்.

எங்கள் திருமணம் நடந்தது. அவள் அப்பா வரவில்லை, அம்மா வந்தார். அந்த அண்ணனும் வந்தார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார், பந்தியில் எல்லோரோடும் சாப்பிட்டார், கிளம்பும்போது என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டார். என்ன நினைத்து வந்தார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இப்போதும் பண்டிகைக்குப் போன் பேசிக்கொள்கிறோம்.

தணிக்கை அக்கா, உங்கள் வங்கி மாமாவைப் போல ஒருவர் 'அந்தச் சீட்டு என்னாச்சு' என்று கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

தணிக்கையாளர், கோயம்புத்தூர்

தம்பி, நான் கேட்கிறேன். அந்தக் கேள்வியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். முகாமில் எனக்குத் தந்திருப்பது சனிக்கிழமை மதியம், சாப்பாட்டுக்குப் பிந்தைய தூக்க நேரம். அதில் முதல் கேள்வி அதுதான். எம்-புக்கும் தேங்காயும் அதற்குப் பிறகு. நீங்களும் உங்கள் வீட்டம்மாவும் வந்து பேச முடியுமா? பெயர் சொல்லத் தயக்கம் என்றால் நானே வாசிக்கிறேன். ஏற்பாட்டுக் குழுவில் இருவருக்கு இப்போதே முகம் மாறிவிட்டது. பொறியாளர் தம்பி, அந்த நேரத்தில் நீங்களும் முன்வரிசையில் இருங்கள். பாஸ்டர் சார் என்று பெயர் வாங்கியவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் என்னை நிறுத்தச் சொல்லக் கொஞ்சம் யோசிப்பார்கள்.