தேர்தல் அறிக்கையில் கலைக்கான நிதி: எதை நம்புவது?

கேள்வி: கலைஞர்களுக்கு ஆதரவளிப்போம் என்று கட்சிகள் தேர்தல் அறிக்கைகளில் எழுதுகின்றன. அவற்றுள் நிறைவேறக்கூடிய உறுதிமொழியை எவ்வாறு இனங்காண்பது?

மறுமொழி 1: தொகையும் கால அளவும் தேர்வு முறையும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அயர்லாந்து அரசு 2022-இல் தொடங்கிய அடிப்படை வருமானத் திட்டத்தில், விண்ணப்பித்தவர்களிலிருந்து குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட சுமார் 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ வழங்கப்பட்டது. விருது ஒருநாள் மகிழ்ச்சி. தொடர்ந்து வரும் தொகைதான் ஒத்திகைக்கு நேரம் தரும் என்பதை நாடகக்காரனாக நான் அறிவேன்.

மறுமொழி 2: பணத்தை யார் பங்கிடுகிறார்கள் என்பதே அதைவிட முக்கியம். பிரிட்டனில் 1946-இல் அமைந்த கலை மன்றத்தைப் போல அமைச்சரிடமிருந்து விலகி நிற்கும் அமைப்பு இல்லாவிட்டால், ஆளுங்கட்சியை விமர்சிக்கும் கலைஞருக்கு நிதி மறுக்கப்படக்கூடும்.

கேட்டவர்: நன்றி. தேர்வுக் குழுவை நியமிப்பது யார் என்று வேட்பாளர்களுக்கு எழுதிக் கேட்கிறேன்.