முயல் இல்லாத காய்ச்சல் சோதனை: செய்து பார்த்தவர்கள் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். ஊசி மருந்தில் காய்ச்சல் உண்டாக்கும் மாசு இருக்கிறதா என்று விலங்குகள் இன்றிக் கண்டறிவதே என் முதுநிலை ஆய்வு. முயலை அசையவிடாமல் வைத்து, காதுச் சிரையில் மருந்தைச் செலுத்தி, மூன்று மணி நேரம் உடல்வெப்பம் பார்க்கும் பழைய முறை எனக்கு ஒப்பவில்லை. குதிரைலாட நண்டின் இரத்தத்தால் செய்யும் சோதனையும் எண்டோடாக்சினை (சில பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் உள்ள நச்சுப்பொருள்) மட்டுமே காட்டும். பிற மாசுகள் தப்பிவிடும்.

ஆகவே மனித மோனோசைட் (ஒருவகை வெள்ளை அணு) செல்களைப் பயன்படுத்தும் சோதனையைத் தேர்ந்தெடுத்தேன். மாசு பட்டால் அவை வெளியிடும் இன்டர்லூகின்-6 என்ற அழற்சிப் புரதத்தின் அளவை எலைசாவில் (எதிர்ப்பொருள் கொண்டு புரதத்தை அளக்கும் ஆய்வகச் சோதனை) அளக்கலாம். மருந்துத் தர விதிகளைத் தொகுக்கும் ஐரோப்பிய மருந்தியல் நூல் 2010-லேயே இதை ஏற்றது. இந்தியாவிலும் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனைகள் விதிகளின் 2023 திருத்தம் விலங்கில்லா முறைகளுக்கு வழி திறந்திருக்கிறது.

என் சிக்கல் செல்கள்தான். கொடையாளருக்குக் கொடையாளர் விளைவு மாறுகிறது. பலரின் செல்களைக் கலந்து உறையவைப்பது நல்லதா, ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல் வரிசையே போதுமா? இரத்த வங்கியிலிருந்து செல்களைப் பெற நெறிமுறைக் குழுவிடம் எப்படி விண்ணப்பித்தீர்கள்? மருந்தே இன்டர்லூகின் வெளியீட்டை அடக்கினால் எந்த அளவு நீர்க்கச் செய்தீர்கள்? குறிப்பாக, ஸ்டீராய்டு ஊசி மருந்துகளில் வேலை செய்தவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். தோற்றுப்போன சோதனைகளின் விவரமும் எனக்கு வேண்டும்.