மழை லீவ காலைல ஏழே முக்காலுக்கு சொன்னா நாங்க என்ன பண்றது?

வாய்க்கால்கரை அம்மா:

ஊர் பேரு வேணாம், டெல்டால ரெண்டு மாவட்ட எல்லைய ஒட்டுன கிராமம்னு வெச்சுக்குங்க. பெரியவன் பக்கத்து மாவட்டத்து டவுன்ல ஒம்பதாவது, சின்னவ உள்ளூர்லயே ரெண்டாவது. நேத்து ராத்திரி பூரா ஊத்துச்சு, டிவியில கீழ ஓடுறதையே பாத்துகிட்டு உக்காந்திருந்தேன், ரெண்டு மாவட்டமும் வரல. சரின்னு அஞ்சு மணிக்கு எந்திரிச்சு சோறு கட்டி, காயாத யூனிபார்ம அயர்ன் பாக்ஸ வெச்சு ஆவி பறக்க தேச்சு, அவன ஏழு மணி வேன்ல ஏத்தி விட்டுட்டு நானும் டூட்டிக்கு பஸ் ஏறிட்டேன். ஏழே முக்காலுக்கு மெசேஜ் வருது, இன்னைக்கு லீவுன்னு!!

வேன் அப்ப பாதி வழியில. டிரைவர் அப்படியே திருப்பி, எங்க தெருவுக்குள்ள முழங்கால் தண்ணின்னு மெயின்ரோடு முக்குலயே எறக்கி விட்டுட்டாரு, அவர சொல்லியும் குத்தமில்ல. பைய தலையில வெச்சுகிட்டு தண்ணியில நடந்து வந்திருக்கான். வீட்ல மாமியார் மட்டும்தான், அவங்களுக்கு கண்ணு சரியா தெரியாது, அவரு சிங்கப்பூர்ல. இதுல கூத்து என்னன்னா சின்னவளுக்கு லீவே இல்ல, அது வேற மாவட்டமாம். மழைக்கு எல்லைக்கல்லு தெரியுமா?

லீவு விடுங்கன்னும் சொல்லல விடாதீங்கன்னும் சொல்லல. ராத்திரியே சொன்னா என்னங்க? இது யார் எப்படி முடிவு பண்றாங்க, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சாக்பீஸ் சார்:

மா, உங்க கோவம் நியாயம்தான், ஆனா உள்ள நடக்கறதையும் கொஞ்சம் சொல்றேன். மழை லீவ அந்தந்த மாவட்ட கலெக்டர்தான் சொல்லணும், சில சமயம் சில மாவட்டத்துல ஹெட்மாஸ்டரே பாத்து முடிவு பண்ணிக்கலாம்னு விட்ருவாங்க. கையில இருக்கறது வானிலை மையத்தோட அலர்ட். ஆரஞ்சுன்னா 12லேர்ந்து 20 செ.மீ வரைக்கும் பெய்யலாம், ரெட்டுன்னா அதுக்கும் மேல. ஆனா அறிக்கைய முழுசா படிச்சீங்கன்னா "ஓரிரு இடங்களில்"னு ஒரு வார்த்தை இருக்கும். மாவட்டம் பூரா கொட்டும்னு அர்த்தம் இல்ல, எந்த ரெண்டு இடம்னு முன்னாடியே யாருக்கும் தெரியாது.

2022 நவம்பர்ல சீர்காழியில ஒரே நாள்ல 44 செ.மீ கொட்டுச்சே, அதுவே மேக்கால போகப் போக அவ்வளவு இல்ல. 2024ல ஃபெஞ்சல் வந்தப்ப நவம்பர் 26, 27ல நம்ம பக்கம் லீவு விட்டாங்க, மழையும் பெஞ்சுது, சம்பா மூழ்குச்சு, ஆனா புயல் நகராம நின்னு நின்னு 30ம் தேதிதான் புதுச்சேரி பக்கம் கரைய கடந்துச்சு. கடைசில விழுப்புரம் மயிலத்துல 51 செ.மீ. நாள்கணக்கா இழுத்தடிச்ச அத யாரு முன்னாடியே சொல்ல முடியும்?

இன்னொண்ணு, ராத்திரியே லீவு சொல்லி காலைல வெயில் அடிச்சா நம்ம ஆளுங்க மீம் போட்டு கிழிச்சுருவாங்க. அடுத்த தடவ கலெக்டர் ஆபீஸ்ல விடியற வரைக்கும் தாசில்தார், விஏஓன்னு ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு கேட்டுட்டுதான் வாய தொறப்பாங்க. லேட் ஆவுறது இப்படித்தான். விட்ட லீவுக்கு அப்பறம் சனிக்கிழமை கிளாஸ் வெக்கறது எங்க பாடு, அது வேற கதை.

எம்ஜிஆர் ரசிகன்:

நாங்கல்லாம் இடுப்பளவு தண்ணியில ஸ்லேட்ட தூக்கிகிட்டு போனவங்க. இப்ப தூறல் போட்டாலே லீவு.

வாய்க்கால்கரை அம்மா:

அண்ணே நான் லீவு கேக்கவே இல்ல, இன்னொரு தடவ படிங்க.

மகளிர் குழு செல்வி:

அக்கா எல்லாரும் வேன், டவுன் ஸ்கூலுன்னே பேசுறீங்க, நான் வேற ஒண்ணு சொல்றேன். எங்க குழுதான் இங்க ஸ்கூல்ல காலை உணவு சமைக்குது. நாங்க விடியறதுக்கு முன்னாடியே அடுப்ப பத்த வெச்சாதான் பெல்லு அடிக்கறதுக்குள்ள புள்ளைங்களுக்கு போட முடியும். போன மழைக்கு அது புதன்கிழமை, பொங்கல் நாளு. அண்டாவுல பொங்கல் தளதளன்னு வந்துருச்சு, சாம்பாருக்கு காய் நறுக்கி கொட்டியாச்சு, அப்ப டீச்சர் போன் போட்டு லீவுங்கறாங்க. அத என்ன பண்றது, யாருக்கு கணக்கு சொல்றது? பக்கத்துல காலனி புள்ளைங்கள கூப்டு கூப்டு போட்டோம், கொடைய புடிச்சுகிட்டு தட்டோட வந்துச்சுங்க பாவம். அன்னைக்கு மத்தியானம் சத்துணவும் கெடையாது. நடவு வேலையும் இல்லாத நாளு, சில வீட்ல உலையே வெச்சிருக்க மாட்டாங்க. லீவுன்னா ஜாலின்னு நெனைக்கறவங்க இதையும் கொஞ்சம் பாருங்க.

படுகைக்காரன்:

எங்களுது தலைகீழ். நாங்க கொள்ளிடம் படுகை. ஆடி ஆவணியில இங்க ஒரு சொட்டு மழை இருக்காது, மேட்டூர் 120 அடி நெறைஞ்சு உபரிய தொறந்தா போச்சு, ரெண்டு மூணு நாள்ல ஆத்துக்குள்ள இருக்கற திட்டு ஊருக்குள்ள தண்ணி, நாதல்படுகை முதலைமேடு பக்கமெல்லாம் படகுதான். வெயில் பல்ல இளிக்கும், டவுன்ல ஸ்கூல் நடக்கும், எங்க புள்ளைங்களுக்கு ஆப்சென்ட். வானத்த பாத்து லீவு விடுறாங்க, பாக்க வேண்டியது ரோட்டை. ஐப்பசி மழைக்கும் அதேதான், மழை விட்டப்பறம்தான் மேக்கேர்ந்து வடிகால் தண்ணி எறங்கி வந்து எங்க ரோட்ல நிக்கும். அன்னைக்கு பாத்து "இன்று பள்ளிகள் வழக்கம்போல் இயங்கும்"பாங்க.

சாக்பீஸ் சார்:

படுகைக்காரர் சொல்றதுதான் பாயிண்ட். மாவட்டம் பூராவுக்கும் ஒரே முடிவுங்கறதே டெல்டாவுக்கு ஒத்து வராது, தாலுகா அளவுலயாச்சும் சொல்லணும். எங்க ஸ்கூல் முகாமா மாறுனப்ப மழை விட்டும் நடத்த முடியல, கிளாஸ் ரூம்ல குடும்பங்க தங்கியிருந்துச்சு, அதுக்கும் பெத்தவங்க எங்களத்தான் திட்டுனாங்க.

வாய்க்கால்கரை அம்மா:

சார் வெளக்கம் புரியுது. ராத்திரி முடியலன்னா விடுங்க, ஆறு மணிக்காவது சொல்லலாம்ல? வேன் கெளம்பறதுக்கு முன்னாடி, செல்வி அடுப்புல அரிசிய போடறதுக்கு முன்னாடி. ஆறுக்கு மேல முடிவ மாத்தறதா இருந்தா, கெளம்புன புள்ளைங்கள ஸ்கூல் உள்ள வெச்சு சோறு போட்டு சாயந்தரம் அனுப்பட்டும், நடு வழியில திருப்பி விடாதீங்க.

மினிபஸ் பாலு:

அக்கா, அத அப்படியே பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல எழுதி குடுங்க, சின்னவ ஸ்கூல்ல குழு இருக்கும். பெரியவன் பிரைவேட்டுன்னா ஆபீஸ்ல நாலு பேரா போயி கேளுங்க, தனியா போனா பதில் வராது. வேன் டிரைவர் நம்பரையும் பெத்தவங்க குரூப்ல சேத்துருங்க, எந்த ரோட்ல தண்ணி ஏறிருக்குன்னு டிவிக்கு முன்னாடி அவருக்குத்தான் தெரியும். அப்பறம் வாட்ஸப்ல வர்ற லீவு போட்டோவ தேதி பாக்காம நம்பாதீங்க, போன வருஷத்துதையே இந்த வருஷமும் சுத்த விடுறானுங்க, எங்க தெருவுல ரெண்டு பசங்க அத காட்டியே பரிட்சைக்கு மட்டம் போட்டுட்டானுங்க.