லிங்கிங் வெர்ப்: மகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு ஆங்கில இலக்கணத்தில் லிங்கிங் வெர்ப் (எழுவாயை, அதைப் பற்றிச் சொல்லும் சொல்லோடு இணைக்கும் வினைச்சொல்) சொல்லிக்கொடுக்கிறேன். தமிழில் ‘அவள் டாக்டர்’ என்றாலே வாக்கியம் முடிந்துவிடுவதால் ‘ஷி டாக்டர்’ என்றே எழுதிக்கொண்டிருந்தாள். நடுவில் ‘இஸ் எ’ வேண்டும் என்பது இப்போது பழகிவிட்டது.

சிக்கல் ‘டேஸ்ட்’, ‘ஸ்மெல்’ போன்றவற்றில்தான். அந்த இடத்தில் ‘இஸ்’ போட்டுப் பார், பொருள் சரியாக வந்தால் லிங்கிங் வெர்ப் என்றேன். ‘தி சூப் டேஸ்ட்ஸ் குட்’ என்பது ‘தி சூப் இஸ் குட்’ ஆனது, சரி. ‘ஷி டேஸ்ட்ஸ் தி சூப்’ என்பதை ‘ஷி இஸ் தி சூப்’ என்று மாற்றியதும் சிரித்துவிட்டாள். அது செயலைச் சொல்லும் ஆக்‌ஷன் வெர்ப் என்று புரிந்தது.

அப்புறமும் நேற்று ‘தி ஃப்ளவர் ஸ்மெல்ஸ் ஸ்வீட்’ என்பதை ‘தி ஃப்ளவர் ஸ்மெல்ஸ் ஸ்வீட்லி’ என்று எழுதியிருக்கிறாள். ‘இனிமையாக மணக்கிறது’ என்கிறோமே, ‘ஆக’ வந்தால் ‘லி’தானே என்கிறாள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ‘ஸ்வீட்’ அங்கே பூவைத்தான் சொல்கிறது என்பதை எப்படி விளக்குவீர்கள்? வகுப்பில் எடுபட்ட உதாரணம் இருந்தால் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை தேர்வு.